‘சும்மா’ இருக்கும் அம்மாக்கள்: வட சிலாங்கூர் தோட்டங்கள் சொல்லும் நூறாண்டுக் கணக்கு

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது ஒரு பாரம் கொடுப்பார்கள். தந்தையின் தொழில் என்ற இடத்தில் லாரி ஓட்டுநர், காவலாளி, தொழிற்சாலை ஊழியர் என்று ஏதாவது ஒன்று எழுதப்படும். தாயின் தொழில் என்ற இடத்தில் பல வீடுகளில் ‘சூரி ரூமா’ என்று எழுதுவார்கள். தமிழில் இல்லத்தரசி. பெயரில் என்னவோ அரசிதான். ஆனால் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர், “அக்கா, வேலைக்குப் போறீங்களா?” என்று கேட்டால், “இல்லம்மா, வீட்டுல சும்மாதான் இருக்கேன்” என்றுதான் அந்த அரசியிடமிருந்து பதில் வரும்.

விடியற்காலையில் எழுந்து இரவு பத்து மணிக்குப் படுக்கும் ஒருத்தி, தான் சும்மா இருப்பதாக எப்படிச் சொல்கிறாள்? யார் அவளுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள்? கோல சிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம், இன்று பெஸ்தாரி ஜெயா என்று அழைக்கப்படும் பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய ஊர்களின் தோட்டங்களில் வாழ்ந்த அவளுடைய பாட்டியோ, பூட்டியோ ஒரு நாளும் இப்படிச் சொன்னதில்லை. சொல்ல வாய்ப்பும் இருந்ததில்லை. ‘வீட்டில் இருக்கும் அம்மா’ காலங்காலமாக இருந்தவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்த வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களைப் பொறுத்தவரை அவர் மிகவும் புதியவர். வயது ஐம்பதுக்கு அங்கே இங்கே இருக்கும்.

முதலில் வந்தவர்களில் பெண்களே குறைவு. 1911-இல் மலாயாவில் ஆயிரம் இந்திய ஆண்களுக்குப் பெண்கள் ஏறத்தாழ முந்நூறு பேர்தான். தோட்ட முதலாளிகளுக்கு வேண்டியிருந்தது கை, குடும்பம் அல்ல. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்ட பிறகு கங்காணி முறையே மேலோங்கியது. கங்காணி தன் கிராமத்துக்குப் போய்ச் சொந்தக்காரர்களையும் தெரிந்தவர்களையும் அழைத்து வந்தபோது, கணவன் மனைவியாக வருவது கூடியது. குடும்பமாக இருப்பவன் தோட்டத்தை விட்டு ஓடமாட்டான் என்ற கணக்கும் அதில் இருந்தது. 1957 வாக்கில் ஆயிரம் ஆண்களுக்குப் பெண்கள் ஏறத்தாழ எழுநூறு என்ற நிலை வந்தது.

வந்த பெண் வீட்டில் உட்கார வரவில்லை. செக்ரோலில் அவள் பெயர் தனியாக ஏறியது. கணவனுக்கு ஒரு நிறை, அவளுக்கு ஒரு நிறை. பால்மரம் சீவியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பெண்கள். லயத்தில் பத்து வீடு இருந்தால், பகல் பத்து மணிக்கு அந்தப் பத்திலும் ஆள் இருக்காது. கோழி மேயும், நாய் படுத்திருக்கும், நடக்க முடியாத கிழவர் ஒருவர் திண்ணையில் இருப்பார்.

அவளுடைய நாள் எப்படித் தொடங்கியது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். ரப்பர் மரம் வெயிலுக்கு முன்னால்தான் நன்றாகப் பால் கொடுக்கும். வெயில் ஏற ஏறப் பால் வரத்து குறையும். ஆகவே மரத்தின் நேரத்துக்குத்தான் மனிதர் எழ வேண்டியிருந்தது. பெரட்டு மணி இருட்டிலேயே அடிக்கும். அதற்கு முன்பு அவள் எழுந்து, விறகடுப்பை மூட்டி, கோப்பி கலக்கி, சோற்றை வடித்துத் தூக்குச்சட்டியில் போட்டு, பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு ஒரு பங்கை மூடி வைத்து, கைப்பிள்ளையைத் துணியோடு அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். ஓடும் வழியில்தான் ஆயாக் கொட்டகை.

ஆயாக் கொட்டகையைப் பற்றித் தோட்டத்தில் பிறந்தவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பலகைச் சுவர், தகரக் கூரை, உத்திரத்தில் வரிசையாகத் தொங்கும் சேலைத் தொட்டில்கள். மரம் சீவ முடியாத வயதுக்கு வந்துவிட்ட பாட்டி ஒருவர்தான் ஆயாம்மா. ஒரு தொட்டிலை ஆட்டிவிட்டு அது நிற்பதற்குள் அடுத்ததை ஆட்டிக்கொண்டே போவார். பிள்ளை பால்குடி மறக்காததாக இருந்தால் தாய்க்கு நெஞ்சு கட்டிக்கொள்ளும். காட்டில் மரத்துப் பாலை வாளியில் சேர்த்துக்கொண்டிருக்கும்போது தன் பால் சேலையை நனைக்கும் அவலத்தை எந்தத் துரையின் நாட்குறிப்பிலும் தேட வேண்டியதில்லை. அதை எழுத அவருக்கு என்ன அவசியம்? பால் எடுத்து, காண்டா வாளியில் சுமந்து, ஸ்டோரில் நிறுத்துக் கணக்குக் கொடுத்த பிறகுதான் அவள் கொட்டகைப் பக்கம் திரும்புவாள். மணி மதியத்தைத் தாண்டியிருக்கும்.

ஆயாக் கொட்டகை யாருடைய கருணையாலும் வந்தது அல்ல. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புதான் தோட்டங்களில் பேறுகாலப் படி, குழந்தைக் காப்பகம், பள்ளி ஆகியவற்றுக்கு வழி வகுத்தது. ஒரே இனத்தைச் சேர்ந்த 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். இந்த நாட்டின் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பெருகியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். இந்திய அரசாங்கம் 1922-இல் குடியேற்றச் சட்டம் கொண்டு வந்திருந்தது. ஆள் வேண்டுமானால் கொஞ்சம் வசதி காட்ட வேண்டும் என்ற நெருக்குதல் அதனால் வந்தது. சட்டம் எழுதிய விதத்துக்கும் கொட்டகை நடந்த விதத்துக்கும் தூரம் அதிகம்தான். ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாய் வேலை செய்ய வேண்டுமானால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு முதலாளி சம்பளம் தர வேண்டும் என்பதை நூறு ஆண்டுக்கு முன்பே சட்டம் ஒப்புக்கொண்டது. பிள்ளை வளர்ப்பது வேலைதான் என்பது அங்கே கணக்கில் ஏறிவிட்டது. இந்த இடத்தை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் என்ன நடந்தது என்பது விளங்கும்.

கூலியில் மட்டும் அவள் ஆணுக்குச் சமம் இல்லை. 1920-களின் கடைசியில் முடிவு செய்யப்பட்ட நிலைக்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார மந்தம் வந்து ரப்பர் விலை விழுந்தபோது 1930-இல் அது 40, 32 என்று இறங்கி, பிறகு 28, 24 வரை போனது. பல்லாயிரம் பேர் கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். வி.எஸ். சீனிவாச சாஸ்திரி 1936 கடைசியில் இங்கே வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்து அறிக்கை கொடுத்ததும் இந்தக் கூலிப் பிரச்சினையின் பின்னணியில்தான். பத்துக் காசு, எட்டுக் காசு வித்தியாசம் சிறியதாகத் தோன்றலாம். அந்தக் காசு யார் கையிலிருந்து குறைந்தது என்று பார்க்க வேண்டும். கடைக் கணக்கைத் தீர்ப்பவளும், அரிசியை அளந்து போடுபவளும் அவள்தான்.

சம்பள நாள் மாலையில் கள்ளுக்கடை நிரம்பும். தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது பலருக்கு நினைவிருக்கும். கணவன் அங்கே போவதற்கு முன் சம்பளக் கவரைப் பிடிக்க வாசலில் நின்ற பெண்களைப் பற்றித் தோட்டக் கதைகளில் நிறையப் படிக்கலாம். 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கி சிலாங்கூரின் மற்ற இடங்களுக்கும் பரவிய பெரும் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. துரைமார்களும் அலுவலர்களும் பெண்களிடம் அத்துமீறுவது நிறுத்தப்பட வேண்டும் என்பது இன்னொன்று. பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி, மருத்துவ வசதி ஆகியவையும் இருந்தன. கூலி உயர்வு மட்டும்தான் அந்தப் போராட்டம் என்று சுருக்கிச் சொல்வோர் உண்டு. பட்டியலைப் படித்தால் பாதி, வீட்டுக் கவலைகள். முன்னின்ற ஆர்.எச். நாதன் மே மாதம் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, உயிர்களும் போயின.

அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் வந்தார்கள். சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பாதவர்கள் பல்லாயிரம். ஆண் இல்லாத லயங்களில் மரவள்ளிக்கிழங்கு நட்டு, சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு பிள்ளைகளைக் காப்பாற்றியவர்கள் பெண்கள். 1943-இல் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர்களில் தோட்டத்துப் பெண்களும் இருந்தார்கள் என்பதைப் பெருமையோடு சொல்கிறோம். கிழங்கு நட்டவர்களுக்குப் படையின் பெயர் கிடையாது. அதனால் அவர்களைச் சொல்வதும் இல்லை. பிறகு 1948 முதல் 1960 வரை அவசரகாலம். லயங்களைச் சுற்றி முள்வேலி, ஊரடங்கு, கட்டுப்பாட்டு அரிசி. சில பகுதிகளில் சமைத்த சோற்றைக்கூட வேலிக்கு வெளியே கொண்டுபோக முடியாது. பசியோடு மரம் சீவிவிட்டு வந்து சமைக்க வேண்டும்.

அவள் பெயரில் ஒரு கணக்கு

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில்தான் தோட்டத்துத் தாய்க்குக் கொஞ்சம் காலூன்ற இடம் கிடைத்தது. 1951-இல் ஊழியர் சேம நிதி வந்தது. 1954-இல் பல சங்கங்கள் சேர்ந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது; பி.பி. நாராயணன் அதை நடத்தினார். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 60 நாள் பேறுகால விடுப்புக்கு வழி செய்தது. (அது 98 நாளாக உயர 2023 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.) சேம நிதியில் அவள் பெயரில் ஒரு கணக்கு, சங்கத்தில் அவள் பெயரில் ஒரு அட்டை. கணவன் நல்லவனோ கெட்டவனோ, அந்தக் கணக்கு அவளுடையது. படிக்கத் தெரியாதவள் கைநாட்டு வைத்துத்தான் எடுப்பாள். ஆனால் வைப்பது அவளுடைய கைநாட்டு.

இதைச் சொல்வதால் பழைய தோட்ட வாழ்க்கை சொர்க்கமாக இருந்தது என்று ஆகிவிடாது. அப்படிப் பேசுவது சுலபம். பட்டிமன்றத்தில் ‘அந்தக் காலத்து அம்மாவா, இந்தக் காலத்து அம்மாவா’ என்று தலைப்பு வைத்தால், அந்தக் காலத்துக்குப் பேசுகிறவருக்கு அம்மியையும் உரலையும் சொன்னாலே கைதட்டல் கிடைத்துவிடும். அந்த அம்மாவுக்கு இரண்டு வேலை. காட்டில் ஒன்று, வீட்டில் ஒன்று. மதியத்துக்குமேல் வந்து பொதுக்குழாயடியில் வரிசையில் நின்று தண்ணீர் பிடித்து, விறகு பொறுக்கி, துணி துவைத்து, மாலையில் சிலர் வெளிவேலைக்கும் போய்வந்து, இரவுச் சோறு ஆக்கி முடிக்கும்போது அடுத்த பெரட்டு மணிக்கு ஏழு மணி நேரம்தான் இருக்கும். ஆண் வந்ததும் குளித்துவிட்டுக் கடைத்தெருப் பக்கம் போனான்.

இந்த இரட்டை வேலையின் பாரத்தைச் சுமந்த மூன்றாவது ஆள் ஒருத்தி உண்டு. மூத்த மகள். தம்பிக்கு உடம்பு சரியில்லை என்றால் ஆயாக் கொட்டகையில் வாங்க மாட்டார்கள். அம்மா ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போகும். ஆகவே பள்ளிக்குப் போகாமல் நின்றது அக்காதான். இன்று ஒரு நாள், அடுத்த வாரம் இரண்டு நாள், பிறகு ஆறாம் ஆண்டோடு சரி. பல குடும்பங்களில் தம்பி ஆசிரியரானான், கிராணியானான். அக்கா பதினாறு வயதில் உளியை எடுத்தாள். வட சிலாங்கூரில் படித்து முன்னேறிய ஆண்களின் கதையை எழுதுகிறவர்கள் இந்த அக்காவுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம்.

செம்பனை வந்தது, கொட்டகை போனது

மலேசியாவின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் எங்கே தொடங்கியது தெரியுமா? இதே கோல சிலாங்கூர் மாவட்டத்தில்தான். ஆன்ரி ஃபோகோன்யே என்ற பிரெஞ்சுக்காரர் சிலாங்கூர் ஆற்றோரம் ரந்தாவ் பாஞ்சாங் தோட்டத்தை நடத்தினார். 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில் தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை வாணிகப் பயிராக நட்டார். தோட்டத்தின் பெயரே தமிழ்! அவர் பிறகு மலாயாவைப் பற்றி ஒரு நாவல் எழுதி 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசும் வாங்கினார். அந்த நாவலில் தமிழர்களும் இருக்கிறார்கள்.

தென்னமரத்தில் நட்ட பயிர் அரை நூற்றாண்டு கழித்து நாடு முழுவதும் ரப்பரை விரட்டும் என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். 1960-களிலிருந்து ரப்பர் விலை நம்ப முடியாததாகி, தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செம்பனைக்கு மாறின. வீட்டுக்குள் இருக்கும் அம்மாவின் கதையில் இது ஏன் முக்கியம் என்றால், ரப்பர் பெண்ணுக்கும் வேலை தந்த மரம். செம்பனை அப்படி அல்ல. உயரத்தில் இருக்கும் குலையை நீண்ட கழியில் கட்டிய அரிவாளால் வெட்டி இறக்குவது ஆணின் வேலையாயிற்று. பெண்ணுக்குக் கிடைத்தவை உதிரிப் பழம் பொறுக்குவது, உரம் போடுவது, மருந்து அடிப்பது. ஒரே அளவு நிலத்துக்கு ரப்பருக்கு வேண்டிய ஆட்களில் ஒரு பகுதியே செம்பனைக்குப் போதும்.

மருந்து அடிப்பதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். முதுகில் தொட்டியைச் சுமந்து களைக்கொல்லி அடித்தவர்களில் மிகப் பலர் பெண்கள். ஐரின் ஃபெர்னாண்டஸ் நடத்திய தெனாகானித்தா அமைப்பு இவர்களைப் பற்றி 2002-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. மூக்கில் ரத்தம், தோல் அரிப்பு, நகம் கெடுவது என்று அந்தப் பெண்கள் பட்ட பாடு அப்போதுதான் வெளியே பேசப்பட்டது. மருந்து பட்ட துணியோடு வீட்டுக்கு வந்து அதே கையால் பிள்ளையைத் தூக்கினார்கள். பாரகுவாட் என்ற களைக்கொல்லிக்கு அதே 2002-இல் தடை அறிவிக்கப்பட்டு, 2006-இல் தளர்த்தப்பட்டு, கடைசியில் 2020 ஜனவரி முதல்தான் முழுத் தடை வந்தது. இடையில் பதினெட்டு ஆண்டுகள்.

தோட்டத்தை விட்டு ஆட்கள் வெளியேறியது ஒரே நாளில் நடக்கவில்லை. 1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றன. அதைத் தடுக்கத்தான் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் சிக்கல் வந்தது. ஏறத்தாழ 60,000 பேர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். நீல அடையாள அட்டை ஒருவருக்கு இருக்கும், இன்னொருவருக்கு இருக்காது. பிரிந்த குடும்பங்கள் எத்தனையோ. 1980-களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வரத் தொடங்கினார்கள். 1990-களில் ரவாங்கிலிருந்து வடக்கே நிலம் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் கேட்கப்பட்டது.

வேலை போனவருக்குக் கிடைத்த இழப்பீடு 1980-ஆம் ஆண்டு விதிப்படி, ஐந்து ஆண்டுக்குமேல் வேலை செய்தவருக்கு ஆண்டொன்றுக்கு 20 நாள் சம்பளம். இருபத்தைந்து ஆண்டு மரம் சீவியவளுக்கு 500 நாள் கூலி. இரண்டு ஆண்டுச் சம்பளம்கூட ஆகாது. வீடும் தோட்டத்துடையது, வேலை போனால் வீடும் போகும். புக்கிட் தாகார் வட்டாரத்தில் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் 245 குடும்பங்கள் வீடு கேட்டு இருபது ஆண்டுக்கு மேலாகப் போராடின. 2023-இல்தான் மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து வீடு கட்டித் தர வழி பிறந்தது. மகஜர் கொடுக்கப் போன கூட்டத்தில் முன்வரிசையில் நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். வேலை போனால் ஆண் இன்னொரு வேலையைத் தேடிப் போகலாம். வீடு போனால் அவள் அடுப்பை எங்கே வைப்பாள்?

தாமானுக்கும் மலிவு விலை அடுக்குமாடிக்கும் வந்து சேர்ந்த குடும்பத்தில்தான் ‘வீட்டில் இருக்கும் அம்மா’ பிறந்தார். பலர் நினைப்பதுபோல் வசதி வந்ததால் அல்ல. தோட்டத்தில் அவள் வேலை செய்ய முடிந்ததற்கு மூன்று காரணங்கள் இருந்தன. வேலை நடக்கும் தூரத்தில் இருந்தது. வேலை மதியத்தோடு பெரும்பாலும் முடிந்தது. பிள்ளைக்கு ஆயாக் கொட்டகை இருந்தது. இந்த மூன்றும் ஒரே லாரியில் ஏற்றப்பட்ட சாமான்களோடு வரவில்லை. தொழிற்சாலை வேலை இருந்தது. 1970-களிலிருந்தே தொழிற்சாலைப் பேருந்துகள் தோட்டத்து வாசல் வரை வந்து இளம்பெண்களை ஏற்றிப் போயின. ஆனால் அது ஷிஃப்ட் வேலை. காலை ஐந்தரைக்குப் பேருந்து ஏறினால் மாலை ஐந்துக்கு இறங்க வேண்டும், அடுத்த வாரம் இரவு ஷிஃப்ட். கைப்பிள்ளைக்காரிக்கு அது எப்படி ஒத்துவரும்? பிள்ளைக் காப்பகத்துக்குக் கட்டிவிட்டுப் பார்த்தால் சம்பளத்தில் மிச்சம் பேருந்துக் காசு. “நீ வீட்டுலேயே இரு” என்று குடும்பம் முடிவு செய்தது. அவளும் கூட்டிக் கழித்துப் பார்த்து ஒப்புக்கொண்டாள்.

தோட்டத்து முதலாளி காப்பகம் வைக்க வேண்டும் என்பதற்கு 1923-லிருந்தே சட்டம் இருந்தது. தோட்டத் தொழிலாளர் வீட்டு வசதி பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டமும் காப்பகத்தைக் குறிப்பிடுகிறது. தாமானில் அந்தக் கடமை யாருக்கும் இல்லை. 1984-ஆம் ஆண்டுச் சட்டம் காப்பகங்கள் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. நடத்தும் பொறுப்பை யார் தலையிலும் வைக்கவில்லை. நூறு ஆண்டுக்கு முன்பு சம்பளத்துக்கு ஆயாம்மா செய்த வேலை, சம்பளம் இல்லாமல் அம்மாவிடம் வந்தது. செய்கிற வேலை அதேதான், கூலி மட்டும் இல்லை. ‘சும்மா’ என்ற சொல் அங்கேதான் வந்து ஒட்டிக்கொண்டது.

இன்று பெஸ்தாரி ஜெயாவிலோ புக்கிட் ரோத்தானிலோ ஒரு தாமான் வீட்டின் காலையைப் பார்த்தால், அடுப்பு எரிவாயுவுக்கு மாறியிருக்கும், துவைக்க இயந்திரம் இருக்கும். ஐந்து மணிக்கு எழுவது மாறவில்லை. கணவருக்குச் சோறு, பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புவது, மாமியாருக்கு இனிப்பு நீர் மாத்திரை, அரசு மருத்துவமனையில் எண் எடுத்துக் காத்திருப்பது, பள்ளி விட்டு வந்ததும் வீட்டுப்பாடம், பிறகு டியூஷன். தோட்டத்துப் பாட்டிக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு இருந்ததில்லை. அது இந்தத் தலைமுறை அம்மாவின் தலையில் புதிதாக ஏறியது. பிள்ளை தேர்வில் குறைந்தால், “வீட்டுலதானே இருக்கே, பார்த்துக்க வேண்டியதுதானே?” என்ற கேள்வியும் அவளுக்குத்தான்.

இன்னொன்று, தனிமை. லயத்தில் ஒரு வீட்டில் பிள்ளை அழுதால் பத்து வீட்டுக்குக் கேட்கும். குழாயடியில் நாலு வார்த்தை பேசலாம். சண்டையும் அங்கேதான், சமாதானமும் அங்கேதான். தாமான் வீட்டில் கிரில் கதவைப் பூட்டிவிட்டு உள்ளே இருந்தால், அன்று முழுக்கப் பேச ஆள் இருக்காது. தொலைக்காட்சித் தொடர்தான் துணை. அம்மாக்கள் சீரியல் பார்க்கிறார்கள் என்று கேலி பேசுகிறவர்கள் இந்தக் கிரில் கதவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அவள் சம்பாதிக்காமலும் இல்லை. முறுக்கு சுற்றிக் கடைக்குப் போடுவது, பூ கட்டுவது, துணி தைப்பது, வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டுப் பெண்ணின் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது, கூட்டுப் பிடித்து மாதம் ஐம்பது, நூறு வெள்ளி சேர்ப்பது. பள்ளித் தவணைக் கட்டணமும் தீபாவளித் துணியும் எத்தனையோ வீடுகளில் இந்தப் பணத்தில்தான் வருகின்றன. எந்தச் செக்ரோலிலும் இது ஏறுவதில்லை. தொழிலாளர் கணக்கெடுப்பில் அவள் ‘தொழிலாளர் படைக்கு வெளியே’ இருக்கிறாள். 2023-ஆம் ஆண்டுக் கணக்குப்படி மலேசியாவில் வேலை வயதுப் பெண்களில் தொழிலாளர் படைக்குள் இருப்பவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 56 பேர். வெளியே இருக்கும் பெண்கள் அதிகம் சொல்லும் காரணம் வீட்டு வேலையும் குடும்பப் பொறுப்பும்.

சட்டம் அவளை மெதுவாகத்தான் கண்டுகொண்டது. பிள்ளைக்குப் பாலூட்டி, குளிப்பாட்டி, பள்ளிக்கு அனுப்பி, காய்ச்சலுக்குக் கண்விழித்தவள் அவள். ஆனால் சட்டப்படியான காப்பாளர் தந்தை. 1961-ஆம் ஆண்டுக் குழந்தைகள் காப்பாளர் சட்டம் 1999-இல் திருத்தப்பட்ட பிறகே தாய்க்குச் சம உரிமை வந்தது. அதுவரை விட்டுப் போன கணவனின் கையெழுத்தைத் தேடி அலைந்த தாய்மார்கள் உண்டு. 1982 மார்ச்சில் நடப்புக்கு வந்த திருமண, மணவிலக்குச் சட்டம், சொத்தைப் பிரிக்கும்போது வீட்டைக் கவனித்தும் குடும்பத்தைப் பராமரித்தும் ஒருவர் செய்த பங்கையும் நீதிமன்றம் கருதிப் பார்க்க வேண்டும் என்றது. சமைத்ததும் பிள்ளை வளர்த்ததும் சொத்துச் சேர்த்ததில் பங்குதான் என்று ஏட்டில் எழுதிய வரி அது. தன் பெயரில் எதுவும் இல்லை என்று நினைத்து வெறுங்கையோடு பிறந்த வீட்டுக்குத் திரும்புகிற பெண்கள் இந்த வரியை அறிந்திருந்தால் நல்லது.

சேம நிதிக் கணக்கை இழந்தவளுக்கு அதைத் திருப்பிக் கொடுக்கும் முயற்சியாக 2018-இல் இ-சூரி என்ற திட்டம் தொடங்கப்பட்டது. ஏழைக் குடும்பப் பதிவேடான இ-காசேவில் இருப்பவர்களிடமிருந்து அது ஆரம்பித்தது. 2022-இல் இல்லத்தரசிகள் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்து, அந்த ஆண்டு டிசம்பர் முதல் சொக்சோவின் திட்டம் நடப்புக்கு வந்தது. ஆண்டுக்கு 120 வெள்ளி கட்டினால், வீட்டு வேலை செய்யும்போது வழுக்கி விழுந்தாலும், கொதிக்கும் எண்ணெய் கொட்டினாலும், உடல் செயலிழந்து போனாலும் பாதுகாப்பு உண்டு. இ-காசேவில் பதிந்தவர்களுக்கு அரசே கட்டியது. சமையலறையும் வேலையிடம் என்று சட்டம் முதல்முறையாக ஒப்புக்கொண்டது இங்கேதான். 120 வெள்ளியை மாதத்துக்குப் பிரித்தால் பத்து வெள்ளி. அந்தப் பத்து வெள்ளியைக் கட்டக் கணவரிடம் கேட்க வேண்டியிருக்கிறதே என்று தயங்குகிறவர்கள் உண்டு.

இந்தத் திட்டத்தில் சேர வயது 55-க்குள் இருக்க வேண்டும். 1990-களில் நாற்பது வயதில் உளியை வைத்துவிட்டுத் தாமானுக்கு வந்தவர்கள் இப்போது எழுபதைத் தாண்டியிருப்பார்கள். அன்று எடுத்த சேம நிதி மகள் கல்யாணத்திலும் வீட்டு முன்பணத்திலும் முடிந்திருக்கும். மகளும் மருமகளும் வேலைக்குப் போகிற வீடுகளில் பேரப்பிள்ளைகளைத் தொட்டிலாட்டிக்கொண்டிருப்பவர் அவர்தான். தோட்டத்தில் அந்த வயதுப் பெண்ணுக்கு ஆயாம்மா என்று பெயர் இருந்தது, மாதம் முடிந்தால் சம்பளமும் இருந்தது.